சுவரைத் தாண்டி வரும் வெப்பம் யாருடையது?

உங்கள் வீட்டுச் சுவர் ஒளிவிடுகிறது என்றால் நம்புவீர்களா? இரவில் விளக்குகளை எல்லாம் அணைத்த பிறகும் அது ஒளிவிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. நம் கண்ணுக்கு அந்த ஒளி தெரிவதில்லை, அவ்வளவே. தனிச்சுழி வெப்பநிலைக்கு மேல் உள்ள எந்தப் பொருளாலும் மின்காந்த அலைகளை உமிழாமல் இருக்க முடியாது. சுமார் 300 கெல்வின் வெப்பநிலையில் உள்ள சுவரும், நாற்காலியும், அதில் அமர்ந்து இதைப் படிக்கும் நீங்களும் மிக வலுவாக உமிழ்வது ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில். இது அகச்சிவப்புப் பகுதியைச் சேர்ந்தது.

இந்தப் பாடத்தை நான் கல்லூரியில் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். இதே பாடம் ஒருமுறை அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் படியேறியது என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். அந்த வழக்கைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

1992 ஜனவரி 16, அதிகாலை 3 மணி 20 நிமிடம். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஃபிளாரன்ஸ் என்னும் சிற்றூர். தெருவோரம் நிறுத்திய வண்டியில் அமர்ந்தபடி, அரசு அலுவலர்கள் எதிரே இருந்த வீட்டை ஒரு கருவியால் பார்த்தார்கள். டேனி கைலோ என்பவர் வீட்டுக்குள்ளேயே கஞ்சாச் செடி வளர்க்கிறார் என்பது அவர்கள் சந்தேகம். வீட்டுக்குள் செடி வளர்க்க வேண்டுமானால் சூரியனுக்குப் பதிலாக மிகுந்த ஆற்றலுடைய விளக்குகள் வேண்டும். விளக்குகள் வெப்பத்தைத் தரும். அந்த வெப்பம் சுவர் வழியே கடத்தப்பட்டு வெளிப்பக்கத்தையும் சற்றே சூடாக்கும்.

எவ்வளவு சூடாக்கும்? எடுத்துக்காட்டாக, மற்றச் சுவர்கள் 7 டிகிரி செல்சியசில், அதாவது 280 கெல்வினில் இருப்பதாகவும், விளக்குகளை ஒட்டிய பகுதி 284 கெல்வினில் இருப்பதாகவும் கொள்வோம். உமிழும் ஆற்றல் வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 284ஐ 280ஆல் வகுத்து, நான்காம் அடுக்குக்கு உயர்த்திப் பாருங்கள். ஏறத்தாழ 1.06 வரும். நான்கே டிகிரி வேறுபாட்டுக்கு ஆறு விழுக்காடு அதிகக் கதிர்வீச்சு! வெப்பப் படக்கருவிக்கு இது தாராளம். கைலோவின் வீட்டில் வாகனக் கொட்டகையின் கூரையும் ஒரு பக்கச் சுவரும் மற்றப் பகுதிகளைவிடச் சூடாக இருப்பதைக் கருவி காட்டியது. இதையும், மின்சாரக் கட்டண விவரத்தையும், வேறு தகவல்களையும் காட்டிச் சோதனை வாரண்டு பெற்றார்கள். உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட கஞ்சாச் செடிகள் இருந்தன.

கைலோ குற்றவாளியா என்பதல்ல நம் கேள்வி. வாரண்டு பெறுவதற்கு முன்பே அந்தக் கருவியை வீட்டின்மேல் திருப்பினார்களே, அதுவே ஒரு சோதனைதானே என்று அவர் தரப்பு கேட்டது. அரசு தரப்பு சொன்ன பதில் இயற்பியல் படித்தவர்களுக்குப் பிடிக்கும். கருவி வீட்டுக்குள் எந்தக் கதிரையும் அனுப்பவில்லை. சுவரை ஊடுருவிப் பார்க்கவும் இல்லை. சுவரின் வெளிப்பரப்பிலிருந்து தானாக வந்த கதிரை வெளியே நின்று வாங்கிக்கொண்டது. இதில் அத்துமீறல் எங்கே?

உண்மையைச் சொன்னால், பல ஆண்டுகள் நானும் அரசின் பக்கம்தான் நின்றேன். வெளியே வந்துவிட்ட ஃபோட்டானுக்கு உரிமையாளர் யார் என்று வகுப்பில் கேலியாகக் கேட்டதும் உண்டு.

2001இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் கைலோவின் பக்கம் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதியரசர் ஸ்காலியா, இப்படிப்பட்ட கருவியால் வீட்டுப் பெண்மணி இரவில் எந்த நேரத்தில் குளிக்கிறார் என்பதைக்கூட அறிந்துவிடலாம் என்று சுட்டிக்காட்டினார். மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதியரசர் ஸ்டீவன்ஸ் ஏறக்குறைய என் கேலியைத்தான் சட்டமொழியில் சொல்லியிருந்தார்.

‘வெளியே வந்துவிட்டதே!’ என்னும் இந்த வாதம் பழையது. 1928இல் ஓம்ஸ்டெட் என்ற சாராய வியாபாரியின் தொலைபேசிக் கம்பிகளை வீட்டுக்கு வெளியே ஒட்டுக்கேட்டபோது, யாரும் வீட்டுக்குள் நுழையவில்லை, ஆகவே தவறில்லை என்றது அதே நீதிமன்றம். 1967இல் பொதுத் தொலைபேசிக் கூண்டின் வெளிப்புறம் ஒலிவாங்கி வைத்த வழக்கில் அதை மாற்றிக்கொண்டது. சட்டம் காப்பது இடத்தை அல்ல, மனிதரை என்றது. 1979இல் மீண்டும் ஒரு சறுக்கல். நீங்கள் சுழற்றிய எண்களை நீங்களாகவே தொலைபேசி நிறுவனத்திடம் கொடுத்துவிட்டீர்கள், ஆகவே அவற்றைப் போலீசார் வாரண்டு இன்றிப் பார்க்கலாம் என்றது.

‘நீங்களாகவே கொடுத்துவிட்டீர்கள்’ என்ற சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் மனத்தை மாற்றியது அடுத்த வழக்கு.

கைபேசியைப் பையில் போட்டு மறந்துவிட்டாலும் அது சும்மா இருப்பதில்லை. எந்த டவரின் சைகை வலுவாக இருக்கிறது என்று அடிக்கடி தேடிக்கொண்டே இருக்கிறது. ஓர் அழைப்பு வந்தால், எந்த டவர், அதன் எந்தப் பக்கத்து ஆன்டெனா என்பது நிறுவனத்தின் பதிவேட்டில் ஏறிவிடும். அழைத்தவர் வேறொருவராக இருந்தாலும் பதிவாவது உங்கள் இருப்பிடம். இந்தப் பதிவு ஒன்றும் துல்லியமானதன்று. ஏறத்தாழ 0.3 முதல் 10 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் எங்கோ இருந்தீர்கள் என்றுதான் அது சொல்லும்.

கார்பென்டர் என்பவர் டெட்ராய்ட் பகுதியில் கடைகளைக் கொள்ளையடித்த கும்பலைச் சேர்ந்தவர் என்று குற்றம் சாட்டப்பட்டார். கொள்ளை போனவையும் கைபேசிகளே! வாரண்டுக்கு வேண்டிய அளவு ஆதாரம் காட்டாமலே ஆணை பெற வழிசெய்யும் ஒரு சட்டத்தைப் பயன்படுத்தி, புலனாய்வாளர்கள் அவருடைய 127 நாள் பதிவுகளை வாங்கினார்கள். அவற்றில் இருந்த இடக்குறிப்புகள் 12,898. சராசரியாக நாளுக்கு 101, அதாவது சுமார் 14 நிமிடத்துக்கு ஒன்று.

தனி ஊசலின் அலைவு நேரத்தை ஆய்வகத்தில் எப்படி அளக்கிறீர்கள்? ஓர் அலைவை மட்டும் அளந்தால் நிறுத்துக்கடிகாரத்தை அழுத்தும் விரலின் தாமதமே விடையைக் கெடுத்துவிடும். ஆகவே 20 அலைவுகளை அளந்து வகுக்கிறோம். மங்கலான அளவீடு, பல முறை சேர்ந்தால் கூர்மையாகிவிடுகிறது. இருப்பிடப் பதிவும் அப்படித்தான். ஒரு குறிப்பைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பன்னிரண்டாயிரத்தைச் சேர்த்து வைத்தால் ஒருவர் எங்கே உறங்குகிறார், ஞாயிறுதோறும் எந்தக் கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ போகிறார், எந்த மருத்துவமனைக்குத் திரும்பத் திரும்பச் செல்கிறார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். இவற்றில் எதையும் அவர் எவரிடமும் சொன்னதில்லை.

இங்கேதான் என் பழைய வாதத்தின் ஓட்டையைக் கண்டேன். ‘வெளியே வந்தது’ என்பது வேறு, ‘கொடுத்தது’ என்பது வேறு. சுவர் கதிர்வீசுவது வீட்டுக்காரரின் விருப்பத்தால் அன்று; வேண்டாமென்று அவர் நினைத்தாலும் நிறுத்த முடியாது. கைபேசி டவரைத் தேடுவதும் அவ்வாறே. அதை நிறுத்த வேண்டுமானால் கைபேசியையே அணைக்க வேண்டும். இன்று அப்படி வாழச் சொல்வது மூச்சு விடாதே என்பதற்குச் சற்றுத்தான் குறைவு. தடுக்க முடியாத ஒன்றைத் தானம் என்று கணக்கெழுதுவது நியாயமாகுமா? 2018இல் நீதிமன்றமும் இதே வழியில் சென்றது. மீண்டும் ஐந்துக்கு நான்கு. தலைமை நீதியரசர் ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பின்படி, இத்தகைய பதிவுகளைப் பெறப் பொதுவாக வாரண்டு வேண்டும்.

“தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம் சார்?” என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. தீர்ப்பு குற்றவாளிக்குக் குடை பிடிக்கவில்லை. புலனாய்வாளர்கள் அன்றிருந்த சட்டத்தை நம்பி நல்லெண்ணத்துடன் செயல்பட்டார்கள் என்று கூறி, மேல்முறையீட்டு நீதிமன்றம் கார்பென்டரின் தண்டனையை உறுதியே செய்தது. தீர்ப்பு கேட்பதெல்லாம், பார்ப்பதற்கு முன் ஏன் பார்க்க வேண்டும் என்பதை ஒரு நீதிபதியிடம் சொல் என்பதே. கொள்ளையனைப் பிடிக்க இது பெரிய தடையல்ல. பிடிக்காத அண்டை வீட்டாரையும், கேள்வி கேட்கும் பத்திரிகையாளரையும் சும்மா வேவு பார்க்க நினைப்பவருக்கு மட்டுமே தடை.

நம் நாட்டிலும் இந்தக் கேள்வி எழுந்துவிட்டது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்றார்கள். ஜாமீனில் வெளிவருபவர் தம் இருப்பிடத்தைக் கூகுள் வரைபடத்தில் புலனாய்வு அதிகாரிக்குக் காட்ட வேண்டும் என்று விதித்த நிபந்தனையை 2024 ஜூலையில் அதே நீதிமன்றம் நீக்கியது. ஆயினும் நம் நாட்டில் தொலைபேசியை ஒட்டுக்கேட்க ஆணையிடுபவர் பொதுவாக உள்துறைச் செயலாளரே, நீதிபதி அல்லர். கேட்பவரும் அனுமதிப்பவரும் ஒரே அரசு! எனக்கு இது உறுத்துகிறது.

கைலோ தீர்ப்பிலும் ஒன்று உறுத்துகிறது. பொதுமக்களிடம் புழக்கத்தில் இல்லாத கருவி என்பதை அது ஒரு காரணமாகச் சொன்னது. இன்று கைபேசியில் செருகும் அளவுக்கு வெப்பப் படக்கருவி சிறுத்துவிட்டது. விலை இறங்கினால் உரிமையும் இறங்குமா?

எங்கள் ஆய்வகத்திலும் அப்படி ஒன்று இருக்கிறது. மின்சுற்றில் எந்தப் பாகம் அதிகம் சூடாகிறது என்று பார்ப்பதற்காக வாங்கியது. ஒரு மழை நாளில் மாணவி ஒருத்தி அதைச் சன்னல் வழியே எதிரிலிருந்த விடுதியின் பக்கம் திருப்பினாள். ஈரச் சுவரில் ஒரே ஒரு குழாய் மட்டும் வெள்ளைக் கோடாக ஒளிர்ந்தது. “சார், மேல்மாடியில் யாரோ வெந்நீர் திறந்திருக்கிறார்கள்” என்றாள். சிலர் சிரித்தார்கள். சற்று நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், நான் ஒன்றும் சொல்லும் முன்பே கருவியைத் தாழ்த்தி மேசைமேல் வைத்துவிட்டாள்.