தற்காப்புக்குத் துப்பாக்கிப் பயிற்சி: சென்னையில் புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

2025 மார்ச் 25 காலை, திருவான்மியூர், சைதாப்பேட்டை, கிண்டி, வேளச்சேரி என்று தென்சென்னையில் ஒரு மணி நேரத்துக்குள் அடுத்தடுத்து செயின் பறிப்புகள் நடந்தன. செயினைப் பறிகொடுத்தவர்களில் பலர் வயதான பெண்கள். அன்றே இருவர் விமான நிலையத்தில் பிடிபட்டார்கள். அதில் ஒருவர் மறுநாள் அதிகாலை தரமணியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்.

இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் மயிலாப்பூர், அடையாறு அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு கேள்வி எட்டிப் பார்க்கும்: "நாமளே துப்பாக்கி சுடக் கத்துக்கிட்டா என்ன? லைசென்ஸ் கிடைக்குமா?"

கத்துக்கலாம், தப்பே இல்லை. ஆனால் ரைபிள் கிளப்பில் கற்பது ஒன்று, தெருவில் தேவைப்படுவது வேறு ஒன்று.

ரேஞ்சில் என்ன சொல்லித் தருவார்கள்?

எழும்பூரில் சென்னை ரைபிள் கிளப் இருக்கிறது. வேளச்சேரி குருநானக் கல்லூரி வளாகத்திலும் ரேஞ்ச் உண்டு. நடிகர் அஜித் 2022-ல் திருச்சியில் நடந்த மாநில துப்பாக்கிச் சுடுதல் போட்டியில் பதக்கங்கள் வாங்கிய பிறகு, 'ரைபிள் கிளப்' என்ற வார்த்தையே நம்மில் பலருக்கு அறிமுகமானது.

புதிதாக வருபவர் பொதுவாகத் தொடங்குவது 10 மீட்டர் ஏர் ரைபிள் அல்லது ஏர் பிஸ்டலில். முதல் பாடமே பாதுகாப்புதான். குழல் முனை எப்போதும் இலக்கின் பக்கம் இருக்க வேண்டும், சுடும் நொடி வரை விரல் ட்ரிக்கருக்கு வெளியே இருக்க வேண்டும். அப்புறம் நிற்கும் நிலை, மூச்சு, ட்ரிக்கரை மெதுவாக இழுப்பது. குண்டே இல்லாமல் சுட்டுப் பழகுவதும் இதில் பெரிய பகுதி. ஏர் ரைபிள் இலக்கில் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். போட்டியில் 60 குண்டுகளைச் சுட 75 நிமிடம் தருவார்கள். பைக்கில் வருபவர் அடையாறு தெருவில் செயினை அறுக்க எடுத்துக்கொள்வது இரண்டு, மூன்று நொடி. ரேஞ்சில் கிடைக்கும் நிதானமும் கவனமும் வாழ்க்கைக்கு உதவும்தான், ஆனால் அந்த மூன்று நொடிக்கான பயிற்சி அது இல்லை.

லைசென்ஸ் வாங்குவது எப்படி?

ஆயுத விதிகள் 2016-ன்படி, 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத வேகசக்தியும் உள்ள ஏர் கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அதைத் தாண்டினால் ஆயுதச் சட்டம் 1959 வந்துவிடும். குறைந்தபட்ச வயது 21. சென்னையில் விண்ணப்பத்தை முடிவு செய்பவர் போலீஸ் கமிஷனர். பாதுகாப்புப் பயிற்சிச் சான்று வேண்டும், போலீஸ் விசாரணை நடக்கும். உங்களுக்கு இருக்கும் அச்சுறுத்தல் உண்மையானதா என்பதுதான் முக்கியமான கேள்வி. 'ஏரியா சரியில்லை' என்ற பொதுவான பயம் அங்கே எடுபடுவது கஷ்டம். நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படை உரிமையும் அல்ல. 2019 திருத்தத்துக்குப் பிறகு, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு சிறை.

டெல்லி பாலியல் வன்கொடுமைச் சம்பவத்துக்குப் பிறகு, கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை 2014-ல் பெண்களுக்கென்றே 'நிர்பீக்' என்ற அரை கிலோ ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்போது விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். பஸ்ஸில் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அது யாருடைய பாதுகாப்பு?

துப்பாக்கி இருந்தாலே உயிர் தப்பிவிடும் என்றும் சொல்ல முடியாது. 2024 ஜூலை 5 அன்று பெரம்பூரில் வெட்டிக் கொல்லப்பட்ட பகுஜன் சமாஜ் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது. தேர்தலுக்காக அவர் ஒப்படைத்த அந்தத் துப்பாக்கியை ஜூன் மாதமே திருப்பிக் கொடுத்துவிட்டதாகப் போலீஸ் சொன்னது.

சட்டம் எதுவரை துணை நிற்கும்?

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. தாக்குபவரைத் தடுக்கத் தேவையான அளவு பலத்தை மட்டும் பயன்படுத்தலாம். கொலை, கொடுங்காயம், பாலியல் வன்முறை, கடத்தல், ஆசிட் வீச்சு போன்ற ஆபத்து இருந்தால், தாக்குபவரின் உயிர் போனாலும் அது தற்காப்பாகக் கருதப்படும். ஆபத்து இருக்கிறது என்று நியாயமாக அஞ்சினாலே போதும், அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பது 2010-ல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஆனால் ஆபத்து முடிந்ததும் அந்த உரிமையும் முடிகிறது. செயினோடு பைக்கில் ஓடுகிறவரை முதுகில் சுட்டுவிட்டு 'தற்காப்பு' என்று வாதிட்டால், அது நிற்பது மிகக் கடினம். பெப்பர் ஸ்ப்ரேக்கும் இதே கதைதான். வாங்க லைசென்ஸ் வேண்டாம். ஆனால் உயிருக்கு ஆபத்தில்லாத ஒரு தகராறில் அதை அடித்தவர்கள் மீதான வழக்கை ரத்து செய்ய, 2024-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

அப்போ எங்கே தொடங்குவது?

விளையாட்டாகப் பிடித்திருந்தால் தாராளமாக ரேஞ்சுக்குப் போங்கள். நோக்கம் தற்காப்பு என்றால் சிலம்பம், கராத்தே, ஜூடோ வகுப்புகள் பக்கம் போவதே சரி என்பது என் கருத்து. சேரும் முன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். பிடியை உதறுவது, விழுந்தால் எழுவது, கத்துவது, தப்பி ஓடுவது எல்லாம் அங்கே உண்டா? எதிராளியோடு மோதிப் பழகவே விடாத வகுப்பு என்றால் அது உடற்பயிற்சி மட்டும்தான். மாணவிகளுக்குச் சென்னை போலீஸ் 'அவள்' திட்டத்தில் தற்காப்புப் பயிற்சி தருகிறது. கல்லூரியில் கேட்டுப் பார்க்கலாம்.

தி.நகர் ரங்கநாதன் தெருவின் தீபாவளி நெரிசலில் இந்த எந்த வித்தையும் செல்லாது. அங்கே போலீஸ் சொல்வது, செயின் தெரியாமல் கழுத்தைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள் என்பதுதான். போனில் 'காவல் உதவி' ஆப்பைப் போட்டு, ஒருமுறை திறந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அவசர எண் 112, பெண்களுக்கான உதவி எண் 181.