நீங்க போடுறது ஒரு பிஸ்கட், நாங்க இழக்குறது ஒரு தோப்பு!

  

வடக்குத்தைச் சுற்றி பலாவும் முந்திரியும்தான் நமக்குச் சோறு. பலாப் பிஞ்சு விட்டா குரங்கு விடுதா? ஒண்ணைக் கடிச்சுட்டு பத்தைக் கீழே தள்ளுது. மல்லாட்டை விதைச்ச கொல்லையை மயில் கிளறுது. காய் பிடிச்சா பன்றி உழுதுட்டுப் போகுது.

குரங்கு ஏன் காட்டை விட்டு வீதிக்கு வருது? குடியிருப்புகளில் தினமும் பிஸ்கட், பழம் போடுறாங்க. மண்டபத்து எச்சில் இலையைத் திறந்தவெளியில கொட்டுறாங்க. கையில வாங்கித் தின்னு பழகினா மனுஷன் மேல பயம் போயிடும். சுலபமா தீனி கிடைச்சா குட்டியும் கூடுதலாப் பிழைக்கும். தீனி போட்டவர் வெளியூர் போயிட்டா, அன்றைய பசி நம்ம கொல்லையிலதான் தீரும்!

"ஜீவகாருண்யம்" என்கிறார்கள். 1867ல் வடலூரில் தருமசாலை கண்ட வள்ளலார் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். பயிர் வாடினாலும் மனசு வாடியவர் அவர். அடுத்தவன் பயிரை அழிய விட்டு நாம் சேர்க்கும் புண்ணியம் எந்தக் கணக்கில் வரும்?

2022ல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நாட்டுக்குரங்கும் மயிலும் முதல் அட்டவணையில். வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு சிறை, 25,000 ரூபாய் அபராதம். கொல்லணும்னு நாங்க கேக்கல. காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ. தாண்டி வரும் பன்றியை வனத்துறை சுடலாம் என 2025 ஜனவரியில் அரசு அறிவித்தது. குரங்குக்கு என்ன வழி? சிங்கப்பூரில் 2020 முதல் காட்டுயிருக்குத் தீனி போட்டால் முதல் தடவையே 5,000 வெள்ளி வரை அபராதம். இங்கே சட்டம் விவசாயி கையைக் கட்டுது. தீனி போடுற கையைக் கண்டுக்கிறதே இல்ல!

மாவட்ட நிர்வாகமே! வனத்துறையே!

* குடியிருப்புகளில் குரங்கு, மயில், பன்றிக்குத் தீனி போடத் தடை விதி! மீறினால் அபராதம் போடு!
* எச்சில் இலை, உணவுக் கழிவை மூடிய தொட்டியில் அள்ளு!
* குரங்குகளைப் பிடித்துக் கருத்தடை செய்!
* பயிர்ச்சேதத்தை உடனே கணக்கெடு! இழப்பீட்டை இழுத்தடிக்காமல் கொடு!

குடியிருப்பு மக்களே, உங்க மேல எங்களுக்குப் பகை இல்ல. நீங்க வாங்குற பலாச்சுளை எங்க தோப்புலேர்ந்துதான் வருது. போடுற கையை நிறுத்துங்க, அது போதும்.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்குக் குடும்பத்தோடு வாருங்கள்! தீர்மானம் போடுவோம்! பயிரைக் காப்போம்!