போர்வீரரும் வளர்ப்பு நாயும்

ஆசிரியர் அவர்களுக்கு,

1987 முதல் 1990 வரை இலங்கையிலிருந்த இந்திய அமைதிப்படையில் பணியாற்றி மோகனூர் திரும்பிய என் தமையனார், மனைவி மக்களிடங்கூட மனம்விட்டுப் பேசாது, தீபாவளி வெடியோசை எழும்போதெல்லாம் உள்ளறையில் ஒடுங்கியிருந்தவர், அதே ஓசைக்கு அஞ்சிக் கட்டிலடியில் பதுங்கிய வீட்டு நாயைத் தடவித் தேற்றத் தொடங்கிய பின்னரே சித்தக் கலக்கம் சற்றுத் தணியப்பெற்றார். யுத்தகளப் பழக்கத்தால் அதனிடம் சில வேளை கடுஞ்சொல்லும் பிறப்பதுண்டு. ஆயினும் அன்றிரவே தம் கையால் சோறு பிசைந்து வைப்பார்.

மீரட்டிலுள்ள ராணுவக் கால்நடைப் பிரிவு மையம் பணிமுடித்த ராணுவ நாய்களைத் தத்துக் கொடுக்கிறது. என் தமையனார் பெற்ற ஆறுதல் பிற வீரர்க்கும் கிட்ட, அவற்றை ஏற்கும் முன்னாள் வீரர்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் அந்நாய்களுக்கான இலவசச் சிகிச்சையும் ஆலோசனையும் கிடைக்க அரசாங்கம் ஆவன செய்யவேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
மோகனூர்.