பழைய படகும் மறைக்கப்படும் ஓட்டையும்



கங்கைகொண்ட சோழபுரம் என்றதும் பெரிய கோயிலும், கி.பி. 1025-இல் கடாரத்தின் மீது கப்பற்படை அனுப்பிய முதலாம் இராசேந்திரனும் நினைவுக்கு வருவர். அம்மன்னன் வெட்டுவித்த சோழகங்கம் இன்று பொன்னேரி என்னும் பெயரில் வண்டல் படிந்து, ஆழம் குறைந்து கிடக்கிறது. தெற்கே கொள்ளிடமும், அதன் குறுக்கே 1836-இல் கட்டப்பட்ட கீழணையும் உள்ளன. அங்கிருந்து வடவாறு வழியாக நீர் பெறும் வீராணம் ஏரியும், அதன் அருகில் நம் மக்கள் பெருமளவில் வாழும் லால்பேட்டையும் வடகிழக்கே உள்ளன. இத்தகைய நீர்நிலைகளில் மீன் பிடித்துப் பிழைப்பவர்க்குப் பெரிய படகு தேவையில்லை; புதுப் படகு வாங்க வசதியும் இருப்பதில்லை. ஆகவே அவர்கள் நாடுவது பழைய படகையே.

மதரஸாவில் கிதாபு ஓதிக்கொடுப்போர்க்குப் படகு வியாபாரத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். ஃபிக்ஹு நூல்களில் கொடுக்கல் வாங்கல் பாடத்தை ஒட்டகத்தையும் தானியக் குவியலையும் உதாரணமாகக் கொண்டு நடத்துகிறோம். அந்தச் சட்டம் இன்று பழைய ஃபைபர் படகு கைமாறும் கரையில் நடைமுறைக்கு வராவிட்டால், அது ஏட்டுச் சுரைக்காயாகவே நின்றுவிடும். பழைய பொருள் விற்பனையில் குறையை மறைப்பது சாமர்த்தியம் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றி வருகிறது. அதனை மறுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குர்ஆனின் கஹ்ஃபு அத்தியாயத்தில் வரும் ஒரு படகை நாம் அனைவரும் அறிவோம். மூஸா (அலை) அவர்களுடன் சென்ற களிர் (அலை) அவர்கள், ஏழைகள் உழைத்துப் பிழைத்த அப்படகைப் பழுதாக்கினார்கள். நல்ல படகுகளையெல்லாம் பறித்துக்கொள்ளும் அரசனிடமிருந்து அதனைக் காப்பதே காரணம். இங்கே இரண்டு செய்திகள் கவனத்திற்குரியன. படகுக்குச் சொந்தக்காரர்களையும் இறைவன் மிஸ்கீன்கள் என்றே குறிப்பிடுகிறான். மிஸ்கீன் என்பவரிடம் ஓரளவு உடைமை இருக்கக்கூடும் என்பதற்கு இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இவ்வசனத்தையே ஆதாரமாகக் கொண்டார்கள். ஆகவே படகு வைத்திருப்பவர் வசதி படைத்தவர் என்று கருதிவிட முடியாது. ஜகாத் வழங்கும்போதும் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். இரண்டாவதாக, அங்கே ஏழையைக் காப்பதற்காக நல்ல படகில் கண்ணுக்குத் தெரியும் ஓட்டை உண்டாக்கப்பட்டது. இன்றோ ஏழையை ஏமாற்றுவதற்காக ஓட்டைப் படகின் மேல் புதுப் பூச்சு பூசப்படுகிறது.

கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு வரும் பழைய ஃபைபர் படகுகளில் இந்த அபாயம் மிகுதி. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம், கடலூர்க் கரைகளில் ஏராளமான ஃபைபர் படகுகள் வழங்கப்பட்டன. அவசரத்தில் கட்டப்பட்ட பலவற்றின் தரம் குறைவு என்று மீன்பிடித் தொழிலை அறிந்தோர் அப்போதே சுட்டிக்காட்டினர். அக்காலத்துப் படகொன்று இன்று விற்பனைக்கு வந்தால் அதன் வயது இருபதைத் தாண்டியிருக்கும். மேலும், அலையைக் கிழித்துச் செல்லக் கட்டப்பட்ட கடற்படகு நீளமும் கனமும் உடையது, அடிப்பகுதி கூர்ந்திருக்கும். முழங்கால் அளவு நீரில் அது சேற்றைத் தட்டி நின்றுவிடும். ஆழமற்ற ஏரிக்குத் தட்டையான அடிப்பாகமுள்ள, இருவர் தூக்கிக் கரையேற்றக்கூடிய, மூங்கில் கழி ஊன்றித் தள்ளத்தக்க சிறு படகே ஏற்றது.

வாங்குபவர் நன்கு சோதித்தே வாங்க வேண்டும். அவ்வாறு சோதிப்பது சந்தேகப்படும் தீய குணமன்று. பொருளைப் பாதுகாக்கும் கடமை. படகைக் கவிழ்த்துப் போட்டு, நாணயத்தாலோ சிறு மரக்கட்டையாலோ அடிமுழுதும் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று ஒலிக்கும் இடம் உறுதியானது. மந்தமாக ஒலிக்கும் இடத்தில் இழையடுக்குகள் பிரிந்திருக்கலாம், அல்லது உள்ளே நீர் புகுந்திருக்கலாம். அளவுக்கு மிஞ்சிக் கனத்தால், மிதப்பதற்காக உள்ளே வைத்த நுரை நீரை உறிஞ்சியிருக்கக் கூடும். எஞ்சின் மாட்டும் பின்பலகை, ஃபைபர் போர்த்திய பலகையாக இருப்பின் உள்ளே உளுத்திருக்கலாம். அதனை அழுத்தியும் அசைத்தும் பார்க்க வேண்டும். உப்புநீரில் உழைத்த படகாயின் ஆணிகளையும் திருகுகளையும் துரு தின்றிருக்கிறதா என்று காண வேண்டும். பிறகு படகை நிமிர்த்தி மேட்டில் வைத்து, உள்ளே நீர் ஊற்றி, வெளியே கசிகிறதா என்று நோக்கினால் எந்தப் பூச்சும் உண்மையை மறைக்க முடியாது. ஓரிடத்தில் மட்டும் வண்ணம் புதிதாக இருந்தால் அதற்கான காரணத்தைக் கேட்க வேண்டும். பதிவெண் இருப்பின் தாள்கள் யார் பெயரில் உள்ளன, கடன் பாக்கி உண்டா என்பதையும், ஏரியின் மீன்பாசிக் குத்தகை யாரிடம் உள்ளது என்பதையும் முன்கூட்டியே விசாரிப்பது நலம்.

இத்தனையும் செய்த பிறகும், விற்பவர் மட்டுமே அறிந்த குறை ஒன்று இருக்கலாம். அதைச் சொல்வது அவர்மீது கடமை. நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்று வியாபாரி கூறினார். அவ்வாறாயின் மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவரைத் தம்மைச் சார்ந்தவராக ஏற்கவில்லை. இச்செய்தி முஸ்லிம் நூலில் உள்ளது. நனைந்த தானியத்தால் பொருள் நஷ்டம் மட்டுமே. கசியும் படகில் செல்பவருக்கோ உயிரே பணயம். நீர் ஆழமற்றது என்பது ஆறுதலாகாது. சேற்றில் கால் புதைந்து, வலையில் கை சிக்கியவருக்கு இடுப்பளவு நீரே போதும்.

"உள்ளது உள்ளபடி விற்றேன், பிறகு எதுவும் கேட்கக் கூடாது" என்று சொல்லிவிட்டால் பொறுப்பு நீங்கிவிடுமா? ஹனஃபி மத்ஹபில் இத்தகைய நிபந்தனை செல்லும். பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு இராது. ஷாஃபிஈ மத்ஹபிலோ இந்நிபந்தனை படகு போன்ற பொருள்களில் விற்றவரைக் காப்பாற்றாது. ஆயினும் அறிந்த குறையை வேண்டுமென்றே மறைப்பது பாவம் என்பதில் இரு மத்ஹபினருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பஞ்சாயத்தில் வெல்வதும் மறுமையில் தப்புவதும் ஒன்றல்ல. வாங்குபவர் முஸ்லிமா, பிற சமயத்தவரா என்பதாலும் இக்கடமை மாறாது.

கரையில் நின்று வேடிக்கை பார்க்கும் நம் போன்றோருக்கும் இதில் பங்குண்டு. வாஸிலா பின் அஸ்கஃ (ரலி) அவர்கள், ஒருவர் ஒட்டகம் வாங்கிச் செல்வதைக் கண்டு பின்னால் விரைந்து சென்றார்கள். பயணத்திற்காக வாங்கினார் என்று அறிந்ததும், அதன் குளம்பில் துளை இருப்பதைத் தெரிவித்தார்கள். விற்பனையைக் கெடுத்துவிட்டீர்களே என்று விற்றவர் வருந்தியபோது, குறையை அறிந்தவர் அதனைச் சொல்லாமல் இருப்பது ஆகுமானதன்று என்ற நபிமொழியை எடுத்துரைத்தார்கள். நம் ஊர்களிலோ, "நமக்கேன் வம்பு, இருவரும் வேண்டியவர்கள்" என்று வாய்மூடி நிற்பதையே பெருந்தன்மை என்கிறோம். மனைவியின் நகையை விற்று ஒருவர் வாங்கும் படகு ஓட்டையானது என்று அறிந்தும் மௌனமாக இருப்பதில் என்ன பெருந்தன்மை இருக்கிறது?

ஆகவே நம் மஹல்லாக்களில் மூன்று வழக்கங்கள் வேரூன்ற வேண்டும் என்பது நமது கருத்து. முதலாவது, பழைய படகோ, வண்டியோ, எஞ்சினோ எதை விற்றாலும் தெரிந்த குறைகளை ஒரு தாளில் எழுதி, இருவரும் ஒப்பமிட்டு, சாட்சிகளையும் வைத்துக்கொள்ளுதல். இரண்டாவது, மூன்று நாள் அவகாசம். வியாபாரத்தில் அடிக்கடி ஏமாந்த ஒரு தோழருக்கு நபியவர்கள் காட்டிய வழியை ஒட்டி, ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளிலும் இந்த உரிமை உண்டு. பேசும்போதே இதை நிபந்தனையாக்கி, அந்நாள்களுக்குள் படகை நீரில் விட்டுப் பார்த்துவிட வேண்டும். குறையைக் கண்ட பின்னும் மீன்பிடிக்க ஓட்டிக்கொண்டே இருந்தால், திருப்பித் தரும் உரிமை கைநழுவிப் போகும். மூன்றாவது, படகைப் பழுது பார்த்தவரும் உடன் தொழில் செய்தவரும், கேட்டாலும் கேளாவிட்டாலும், தாம் அறிந்த குறையை வாங்குபவரிடம் சொல்லுதல்.

குறையைச் சொன்னால் விலை குறையும் என்பது உண்மைதான். ஆனால் உண்மை பேசி விற்பதிலும் வாங்குவதிலும் பரக்கத் உண்டு என்பதும், மறைத்தால் அது அழிந்துவிடும் என்பதும் நபியவர்கள் கற்றுத்தந்த பாடம். குறைந்த சில ஆயிரங்களை அல்லாஹ் வேறு வழியில் ஈடுசெய்வான். நாம் மறைத்த ஓட்டையில் மூழ்கிய உயிரை நம்மால் ஈடுசெய்ய முடியாது.

வல்ல அல்லாஹ் நம் உழைப்பையும் உணவையும் ஹலாலாக்கி, நீரில் இறங்கும் ஒவ்வொருவரையும் பத்திரமாகக் கரை சேர்ப்பானாக. ஆமீன்.