டம்ளருக்கு ஒதுங்கிய கை

பெரம்பலூரில் நான் கணக்கெழுதப் போகும் கடையில் எனக்கென்று ஒரு மேஜை. அதில் லெட்ஜர், ஸ்டாம்ப் பேடு, பில் குத்தும் கம்பி, நடுவில் டீ கிளாஸ். ஒரு விஷயம் கவனித்தேன். கம்பி பக்கத்தில் இருந்தால் கிளாஸை எடுக்கப் போகும் கை மாப்பிள்ளை மாதிரி மெதுவாகப் போகிறது. கம்பியைத் தள்ளி வைத்தால் சர்ரென்று பாய்கிறது. நான் ஒன்றும் யோசிக்கவில்லை சார், கையே செய்கிறது!

சிரிக்காதீர்கள், இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். கிளாஸை நோக்கிப் போகும் விரல்கள் முதலில் அதன் அகலத்தைவிட அதிகமாக விரியும். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நேரத்தில் உச்சம். அப்புறம் மூடிக்கொண்டே போய்ப் பிடிக்கும். பக்கத்தில் இன்னொரு பொருள் இருந்தால் வேகம் குறையும், விரல்கள் அவ்வளவாக விரியாது, பாதையும் ஒதுங்கும். கவனம் சிதறுவதால்தான் என்றது ஒரு கட்சி. இடித்துவிடக் கூடாதே என்ற முன்ஜாக்கிரதைதான் என்றார், 1998-ல் ட்ரெசிலியன் என்ற ஆராய்ச்சியாளர். கம்பியில் ஒரு தடவை குத்துப்பட்டவன் என்பதால் நான் ட்ரெசிலியன் கட்சி.

இதே நினைப்போடு ஒரு ஞாயிற்றுக்கிழமை அரியலூர் பஸ் ஏறினேன். அங்கே பெரியப்பாவுக்கு ஸ்ட்ரோக். இடது பக்கம் ஒரு பொருள் தனியாக இருந்தால் தெரியும். வலது பக்கமும் ஒன்று வைத்துவிட்டால் இடது பக்கத்துப் பொருள் காணாமல் போய்விடும். கண் டாக்டர் கண்ணில் கோளாறே இல்லை என்றுவிட்டார். எதையாவது தட்டிவிடுவாரோ என்று பெரியம்மா மூன்று வேளையும் ஊட்டிவிடுவார். முப்பது வருஷம் சிமென்ட் ஆலையில் அதிகாரமாக இருந்த மனுஷர், வாயைத் திறந்துகொண்டு சுவரையே பார்ப்பார்.

அன்று அவர் முன்னால் முறுக்குத் தட்டு. இடது பக்கம் ஒட்டினாற்போல் சுடச்சுடக் காப்பி டம்ளர். வலது பக்கம் கொஞ்சம் தள்ளிச் சொம்பு.

"பெரியப்பா, முன்னாடி என்னென்ன இருக்கு?"

"முறுக்கு. அந்தாண்ட சொம்பு. வேற ஒண்ணுமில்லையேடா."

சொல்லிக்கொண்டே கையை நீட்டிவிட்டார். நான் பதறி எழுவதற்குள், அந்தக் கை இல்லாத டம்ளருக்கு வலப்பக்கமாக ஒதுங்கி, அழகாக முறுக்கை எடுத்தது.

2004-ல் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் இதே மாதிரி ஒரு நோயாளியைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். இடது பக்கத் தடை தெரியவே இல்லை என்று அவர் சொன்ன போதும், அவர் கை அதற்கு ஒதுங்கியே போயிருக்கிறது. இது இன்னதென்று அறிவதற்கு மூளையில் ஒரு வழி, கையை நடத்துவதற்கு வேறு வழி என்கிறார்கள்.

பெரியம்மாவிடம் மூளையைப் பற்றியெல்லாம் நான் பேசவில்லை. இன்னொரு முறுக்கை எடுக்கச் சொல்லிக் காட்டினேன். நாலாவது முறுக்கில் நம்பினார்.

இப்போது ஊட்டுவதில்லை. காப்பியை மட்டும் நன்றாக ஆற்றித்தான் வைக்கிறார்.