வெந்நீர்க் குமிழை யார் திருகுவது?

மார்கழி மாதம். காலை ஐந்து மணி. மதுக்கரையில் தர்மலிங்கேசுவரர் மலை பனியில் மறைந்து நிற்கிறது. தெருவில் பால்காரர் மணி அடித்துக்கொண்டு போகிறார். ஒரு வீட்டுக்குள்ளிருந்து பேச்சுக் குரல் கேட்கிறது.

"ஏனுங்க, ஹீட்டர்ல குமிழு பாதியிலதானுங்க நிக்குது. முழுசாத் திருகி உடுங்க. பையன் பள்ளிக்கூடம் போகோணும். சுடுதண்ணி சீக்கிரம் காயட்டும்!"

"திருகியாச்சு அம்மிணி!"

இந்தப் பேச்சு ஒரு வீட்டில் மட்டும் கேட்பதல்ல. கோவையிலும், பொள்ளாச்சியிலும், ஈரோட்டிலும் காலை நேரத்தில் ஆயிரம் வீடுகளில் கேட்கும். அந்த அம்மாளும் தவறாக நினைத்துவிட்டார். அவர் கணவரும் தவறாகத் திருகிவிட்டார்.

குமிழை முழுவதும் திருகினால் தண்ணீர் சீக்கிரம் காயாது!

இரண்டு பஸ்கள்

உக்கடத்தில் இரண்டு பஸ்கள் நிற்கின்றன. ஒன்று மதுக்கரையோடு நின்றுவிடும். மற்றொன்று மதுக்கரை வழியாகப் பாலக்காடு போகும். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடுகின்றன. பாலக்காட்டு பஸ்ஸில் ஏறினால் மதுக்கரைக்கு முன்னதாக வந்துவிடலாமா? முடியாது. கண்ணயர்ந்து தூங்கினால் வாளையாறு தாண்டிப் போய்விடலாம். அவ்வளவுதான்.

ஹீட்டரும் அப்படித்தான். உள்ளே இருக்கும் கம்பிச்சுருளுக்கு ஒரே வேகம்தான் உண்டு. குமிழ் அந்த வேகத்தை மாற்றுவதில்லை. "எங்கே நிற்க வேண்டும்?" என்பதை மட்டும் சொல்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீடுகளில் சாதாரணமாக இருப்பது 15 லிட்டர் தொட்டி, 2,000 வாட் கம்பிச்சுருள். தண்ணீர் 25 டிகிரியில் இருக்கிறது. அது 50 டிகிரிக்கு வர 13 நிமிஷம் ஆகும். குமிழ் 50-ல் இருந்தாலும் 13 நிமிஷம். 70-ல் இருந்தாலும் 13 நிமிஷம். குமிழ் 65-ல் இருந்தால், 50-ஐத் தாண்டி இன்னும் எட்டு நிமிஷம் காய்ந்துகொண்டே இருக்கும். அந்த எட்டு நிமிஷத்துக்கும் மீட்டர் ஓடும்.

பள்ளி ஆசிரியரின் யோசனை

குமிழுக்குப் பின்னால் இருக்கும் கருவிக்கு தெர்மோஸ்டாட் என்று பெயர். பெயர் புதிதாகத் தோன்றலாம். ஆனால் அதன் சத்தம் எல்லோருக்கும் தெரியும். இஸ்திரிப் பெட்டி சூடேறியதும் "டிக்" என்று ஒரு சத்தம் வரும். சிவப்பு விளக்கு அணையும். சற்று ஆறியதும் மீண்டும் "டிக்". விளக்கு எரியும். அதுதான் தெர்மோஸ்டாட்.

இஸ்திரிப் பெட்டிக்குள் இரண்டு வகை உலோகத் தகடுகளை ஒன்றாக ஒட்டி வைத்திருக்கிறார்கள். சூட்டில் ஒன்று அதிகமாக நீளும், மற்றொன்று குறைவாக நீளும். அதனால் தகடு வளைகிறது. வளைந்ததும் மின்சாரத் தொடர்பு அறுந்துபோகிறது. வெந்நீர் ஹீட்டரில் உறுப்பின் வடிவம் வேறாக இருக்கலாம். சூட்டில் பொருள் விரிவடையும் என்ற தத்துவம் ஒன்றே.

இது பிறந்த கதை சுவையானது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் வாரன் ஜான்சன் என்ற ஆசிரியர் இருந்தார். அது கடுங்குளிர் நாடு. பள்ளிக்கூடத்தின் நிலவறையில் அடுப்பு எரியும். வகுப்பு எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்க்க, பணியாள் அடிக்கடி வகுப்புக்குள் வந்து போவார். பாடம் கெடும். பிள்ளைகள் சிரிப்பார்கள். வாத்தியாருக்கு எரிச்சல் வந்தது. அறையின் சூடு மாறினால் நிலவறையில் மணி அடிக்கும்படி ஒரு கருவி செய்தார். 1883-ல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

அந்த நாடுகளில் வீடு முழுவதையும் சூடாக்குகிறார்கள். சுவரில் ஒரு தெர்மோஸ்டாட் இருக்கும். இரவில் இவ்வளவு, காலையில் இவ்வளவு என்று அதில் குறித்து வைத்துவிட்டுத் தூங்கப் போவார்கள். மதுக்கரையில் வீட்டைச் சூடாக்க வேண்டிய அவசியம் இல்லை. சூரிய பகவானே அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறார். இங்கே சூடு வேண்டியது ஒரு வாளித் தண்ணீருக்கு மட்டுமே.

பொடக்காலித் தவலை

அந்தக் காலத்தில் பொடக்காலியில் செங்கல் அடுப்பு இருக்கும். அதன்மேல் செம்புத் தவலை உட்கார்ந்திருக்கும். தென்னை மட்டையும் பாளையும் வைத்து எரிப்பார்கள். அங்கே தெர்மோஸ்டாட் யார்? வீட்டு ஆத்தாதான்! விரலை நுனியில் விட்டுப் பார்ப்பார். "போதும், விறகை இழு" என்பார். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகுதான் சுடுதண்ணீர். வரிசையை மாற்றினால் குட்டு விழும்.

நீலகிரியில் பைக்காரா மின் நிலையம் 1932-ல் ஓடத் தொடங்கியது. பிறகு கோவை வட்டாரத்தில் மில்கள் பெருகின. காலப்போக்கில் வீடுகளுக்கும் விளக்கு வந்தது. தவலை போய் சுவரில் ஹீட்டர் வந்தது. வசதிதான், மறுப்பதற்கில்லை. பெண்கள் புகையில் கண்ணைக் கசக்கிய கஷ்டம் ஒழிந்தது. ஆனால் ஆத்தா விரலை விட்டுப் பார்த்த வேலையை இப்போது பார்ப்பது யார்? ஹீட்டர் வாங்கிய நாளில் கடைக்காரர் அனுப்பிய ஆள் வந்து மாட்டினார். குமிழை ஒரு பக்கமாகத் திருகிவிட்டுப் போனார். அதன்பின் பல வீடுகளில் ஒருவரும் அதைத் தொட்டதில்லை.

ஐந்தே விநாடி!

இதில் பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அது குழந்தைகள்.

சுடுநீர் மனிதத் தோலை எவ்வளவு நேரத்தில் புண்ணாக்கும் என்று அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருவர் ஆராய்ந்தார்கள். மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்பது அவர்கள் பெயர். 1947-ல் முடிவை வெளியிட்டார்கள். 60 டிகிரி வெந்நீர் பட்டால், வளர்ந்தவர் தோல் ஐந்தே விநாடியில் ஆழமாக வெந்துவிடும். 49 டிகிரி என்றால் சுமார் ஒன்பது நிமிஷம் ஆகும். ஒன்பது நிமிஷத்துக்குள் யாரும் கையை எடுத்துவிடலாம். ஐந்து விநாடிக்குள்? வளர்ந்தவரே தடுமாறுவார். குழந்தையின் தோல் மெல்லியது. இன்னும் சீக்கிரம் வேகும்.

குமிழை உச்சியில் வைத்தால் பல ஹீட்டர்கள் 70 டிகிரியை ஒட்டிப் போகும். அந்தக் குழாய்க்குக் கீழே மூன்று வயதுப் பிள்ளை நிற்கிறது. குழாயைத் திருகுவது பிள்ளைகளுக்கு விளையாட்டு. தாய் சோப்பு எடுக்கத் திரும்புகிற நேரம் போதும்.

பட்டுவிட்டால் உடனே ஓடும் குளிர்ந்த தண்ணீரில் அந்த இடத்தை 20 நிமிஷம் காட்ட வேண்டும். ஐஸ் வேண்டாம். பேனா மை, பற்பசை, மாவு எதுவும் பூசக் கூடாது. பிறகு டாக்டரிடம் போக வேண்டும்.

சுண்ணாம்பு ஊர்

மதுக்கரைக்காரர்கள் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். இந்த ஊரில் சிமெண்ட் ஆலை 1934-ல் ஏன் வந்தது? பூமிக்கடியில் சுண்ணாம்புக் கல் இருந்ததால் வந்தது. சுண்ணாம்பு கலந்த ஆழ்குழாய்த் தண்ணீர் ஹீட்டருக்குள் போனால் என்ன ஆகும்? தண்ணீர் சூடேறும்போது சுண்ணாம்பு பிரிந்து கம்பிச்சுருளின் மேல் படியும். 60 டிகிரிக்கு மேல் போனால் இன்னும் வேகமாகப் படியும். டீ போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவுதான்.

படிவு மொத்தமானால் சூடு தண்ணீருக்குப் போகாது. கம்பிச்சுருள் தானே வெந்து அறுந்துபோகும். "போன வருஷம்தான் மாத்துனோம், மறுபடியும் போயிருச்சு" என்று அங்கலாய்க்கிறவர்கள் முதலில் குமிழைப் பார்க்கட்டும். சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. அது மென்மையான தண்ணீர்.

நூறு யூனிட்டில் எவ்வளவு?

2016-ல் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று அரசு ஆணையிட்டது. அதில் வெந்நீர் எவ்வளவு தின்னும்?

ஒரு வாளி என்பது 20 லிட்டர். 25 டிகிரித் தண்ணீரைக் குளிக்கும் பதமான 40 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ மூன்றில் ஒரு யூனிட் செலவு. வீட்டில் நான்கு பேர் என்றால் தினம் 1.4 யூனிட். 60 நாளைக்கு 84 யூனிட்! இது குளிக்கும் தண்ணீருக்கு மட்டும். குமிழ் எங்கே இருந்தாலும் இந்தச் செலவு குறையாது. நியாயமாகச் சொல்ல வேண்டும் அல்லவா?

ஆனால் வீணாகும் செலவு வேறு. ஹீட்டரைப் போட்டுவிட்டு மறந்துபோனால், தொட்டி வெளிக்காற்றுக்குச் சூட்டை இழந்துகொண்டே இருக்கும். இழக்க இழக்க மீண்டும் காய்ச்சும். தண்ணீர் 65-லும் வெளிக்காற்று 25-லும் இருந்தால் வித்தியாசம் 40. தண்ணீர் 50-ல் இருந்தால் வித்தியாசம் 25. இழப்பு எட்டில் ஐந்து பங்காகக் குறைகிறது. சுவிட்சை அணைத்துவிட்டால் மீட்டருக்கு முழு ஓய்வு.

ஏ.சி. வைத்திருப்போரும் இதே மயக்கத்தில்தான் இருக்கிறார்கள். 18-ல் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்று நினைக்கிறார்கள். 2020 ஜனவரி முதல் விற்கும் ஏ.சி.கள், போட்டவுடன் 24 டிகிரியில் ஓடும்படி இருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்தது. ஏ.சி.க்கு அப்படி ஒரு விதி வந்ததே, ஹீட்டருக்கும் வந்தால் என்ன? கடையிலிருந்து வரும்போதே குமிழ் 50-ல் நிற்கட்டும். "இதற்கு மேல் திருகினால் குழந்தைக்கு ஆபத்து" என்று தமிழில் ஒரு வரி ஒட்டட்டும். ஒரு துண்டுக் காகிதத்துக்கு எவ்வளவு செலவாகிவிடும்?

எதில் வைப்பது?

சிறு குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில் 50 டிகிரி போதும். 15 லிட்டரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் ஏறத்தாழ 25 லிட்டர் குளிக்கும் தண்ணீர் கிடைக்கும். ஒருவருக்குத் தாராளம். அடுத்தவர் 13 நிமிஷம் காத்திருக்க வேண்டும். அதுதான் இதில் உள்ள சங்கடம். காலை அவசரத்தில் காத்திருக்க முடியாத பெரிய குடும்பம் 25 லிட்டர் தொட்டி வாங்குவது நல்லது. சின்னத் தொட்டியைக் கொதிக்க வைத்துச் சமாளிப்பது கெட்ட பழக்கம்.

மிச்சம் பிடிக்கிறேன் என்று 40-க்குக் குறைத்துவிடவும் கூடாது. 1976-ல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகர ஓட்டல் ஒன்றில் கூடிய பழைய ராணுவ வீரர்கள் பலர் நிமோனியாவில் இறந்தார்கள். அதற்குக் காரணமான கிருமிக்கு லெஜியோனெல்லா என்று பெயர் வைத்தார்கள். தேங்கி நிற்கும் வெதுவெதுப்பான தண்ணீர் அதற்குப் பிடிக்கும். தெறிக்கும் நீர்த்துளியோடு மூச்சில் புகும். வாரம் ஒரு நாள், பிள்ளைகள் குளித்து முடித்த பிறகு, 60 டிகிரிக்கு மேல் காய்ச்சி மீண்டும் குமிழைக் குறைக்கலாம். ஊருக்குப் போய்ப் பல நாள் கழித்து வந்தால், குழாயைத் திறந்து பழைய தண்ணீரைப் போக்கிவிட வேண்டும்.

மறதிக்காரர் வீட்டுக்கு டைமர் நல்ல துணை. காலை ஐந்துக்குப் போட்டு ஆறரைக்கு அதுவே அணைத்துவிடும். வாங்கும்போது 16 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். 2,000 வாட் ஹீட்டர் ஒன்பது ஆம்பியர் இழுக்கும். மலிவான 6 ஆம்பியர் டைமர் கருகிவிடும். எர்த் கம்பியும், மின்கசிவைத் தடுக்கும் சுவிட்சும் இல்லாத வீட்டில் டைமரைப் பற்றிப் பேசுவதே வீண். முதலில் அவை வேண்டும்.

வாளியில் போடும் ஹீட்டர் கம்பிக்குக் குமிழும் கிடையாது, காவலும் கிடையாது. மறந்தால் தண்ணீர் கொதித்து வற்றும். பிளாஸ்டிக் வாளி உருகும். பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரில் கைவிட்டால் உயிருக்கே ஆபத்து. பள்ளிப் பிள்ளை இருக்கும் வீட்டில் அதை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

குமிழில் எண் இல்லையே?

பல ஹீட்டர்களில் டிகிரி எழுதியிருப்பதில்லை. கோடுகளும் புள்ளிகளும்தான் இருக்கும். சிலவற்றில் குமிழே வெளியில் தெரியாது, மூடிக்குள் இருக்கும். மூடிக்குள் இருப்பதை எலெக்ட்ரீஷியன் கையால்தான் திருக வேண்டும். வீட்டார் தொடக் கூடாது.

வெளியில் குமிழ் இருந்தால் வழி சுலபம். சமையலுக்கு விற்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது. அது 42 டிகிரியோடு நின்றுவிடும். ஹீட்டரைப் போட்டு, விளக்கு அணையும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு எவர்சில்வர் டம்ளரில் சுடுதண்ணீர் பிடித்துப் பார்க்க வேண்டும். 60 காட்டினால் குமிழை ஒரு கோடு குறைத்துவிட்டு, மறுநாள் காலை மீண்டும் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் 50 வரும் இடம் பிடிபட்டுவிடும். அந்த இடத்தில் மகளின் நகப்பூச்சை எடுத்து ஒரு சொட்டு வைத்துவிடலாம். சிவப்பாக இருந்தால் பாட்டிக்கும் கண்ணுக்குத் தெரியும்.