வேலைக் கணினியில் சோதனைப் பதிப்பு வேண்டாம்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ்த் தட்டச்சுச் செய்து தரும் கடைகளில் கல்யாண அழைப்பிதழ் மட்டும் அடிக்கப்படுவதில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர் பற்றிய முறைப்பாடு, காணி உறுதியின் ஸ்கேன், சத்தியக்கடதாசி எல்லாம் அதே கணினிக்குள்தான் கிடக்கின்றன. அதில் பீட்டா எனப்படும் சோதனைப் பதிப்பை நிறுவலாமா என்றால், கூடாது என்பதே என் பதில்.

2018 ஒக்டோபரில் மைக்ரோசொப்ட் வெளியிட்ட வின்டோஸ் 10 புதுப்பிப்பு சிலரது கோப்புகளை அழித்துவிட்டது. சில நாட்களிலேயே அதை இடைநிறுத்தினார்கள். இத்தனைக்கும் சோதனைக் கட்டத்திலேயே சிலர் இதே முறைப்பாட்டைப் பதிந்திருந்தார்கள், கவனிக்கப்படவில்லை. பிழை பிடிப்பதற்காகத்தான் சோதனைப் பதிப்பை வெளியே விடுகிறார்கள். அந்தப் பிழை யாருடைய கோப்பில் விடிய வேண்டும்?

அதற்காகப் பழைய பதிப்போடு கிடப்பதும் ஆபத்து. 2023இல் அரசாங்கத்தின் கிளவுட் சேவையைக் கப்பம் கோரும் மென்பொருள் தாக்கியது. மே 17 முதல் ஒகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயின. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. அங்கே ஓடியது எக்ஸ்சேஞ் 2013. அதற்கான ஆதரவு அந்த ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. அந்த மாதங்களுக்கான பிரதி தனியாகவும் எடுத்து வைக்கப்பட்டிருக்கவில்லை.

திணைக்களம் தொலைத்த கடிதத்தை அனுப்பியவரிடம் மறுபடி கேட்கலாம். இடம்பெயர்வில் மூலப் பத்திரத்தை இழந்தவருக்கு அந்த ஸ்கேன்தான் எல்லாம்.

கடைக்காரர் புதியதைப் பரீட்சிக்க விரும்பினால் வேறு கணினியில் செய்யட்டும். வேலைக் கணினிக்கு முழுமையாக வெளியான பதிப்பு, அதுவும் சில வாரம் பொறுத்து. கழற்றி வைத்த வன்தட்டில் ஒரு பிரதி. நீங்களும் கடையை விட்டு இறங்குமுன் உங்கள் கோப்பைப் பென்டிரைவில் கேட்டு வாங்குங்கள்.